தாழ்ப்பாள் பார்க்கப் போன ஊர்கள்

கக்கூஸ் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான் நான் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் மூன்று நாள் போய்வந்தேன். கோட்டை பார்க்கவில்லை, கோயில் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் கதவும் தண்ணீர்க் குழாயும்தான்.

ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வருஷாவருஷம் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற குழு எங்களுடையது. நாற்பத்தோரு பேர், அதில் பெண்கள் இருபத்துமூன்று. வழியில் ஒன்பது இடத்தில் தங்கல். ஆடி மாதமே யாராவது முன்னால் போய் இடம் பேசி, சம்மதம் கிடைத்த வாசலில் மாதா படம் போட்ட எங்கள் நீலக் கொடியைக் கட்டிவிட்டு வர வேண்டும். கொடி கட்டிய வாசலைத் தாண்டி நடக்கக் கூடாது என்பது குழுவின் சட்டம். நாங்கள் வந்து தங்கிப் புறப்படுகிற அன்றைக்குத்தான் கொடியை அவிழ்ப்போம்.

போன வருஷம் வரை இடம் பார்த்தது எங்கள் தலைவர் சூசை அண்ணன். ஆம்பிளைகள் இடம் பார்த்தால் மூன்று விஷயம்தான் பார்ப்பார்கள். ஃபேன் ஓடுகிறதா, தரை சிமெண்டா, சமையல் வேன் நிற்குமா. போன வருஷம் குன்னம் பக்கத்தில் எங்களைக் கொண்டுபோய் இறக்கியது, மூடிக்கிடக்கும் ஒரு ரைஸ் மில்லின் முன்தாழ்வாரத்தில். கக்கூஸ் கிடையாது. பின்னால் கருவேலங்காடு. நாங்கள் ஒதுங்கப் போன பக்கமெல்லாம் யாரோ ரெண்டு பேர் பைக்கில் வந்து விளக்கடித்துக்கொண்டே இருந்தார்கள். இருபத்துமூன்று பெண்களும் சுவரில் முதுகை வைத்து விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். ஆம்பிளைகள் நன்றாகத் தூங்கினார்கள்.

அதனால் இந்த வருஷம் அந்தப் பக்கத்து மூன்று தங்கலுக்கும் இடம் பார்க்க நாங்களே போவோம் என்று சண்டை போட்டோம். சூசை அண்ணன் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்.

"போய்ப் பாரு ஸ்டெல்லா. குன்னம் பக்கம் ஒனக்குப் புடிச்ச மாதிரி எடம் கெடைக்கலைன்னா, அந்த ஒரு நாளு பொம்பளைங்கள வேன்ல ஏத்தி அரியலூர்ல எறக்கிடுவோம். அப்பறம் கொறை சொல்லக் கூடாது."

என் மகள் பிரசவத்தில் உயிர் போய்த் திரும்பி வந்தவள். அவளுக்காக ஏழு வருஷம், ஒரு அடிகூட வண்டியில் ஏறாமல் நடந்து வருகிறேன் என்று மாதாவிடம் சொல்லியிருந்தேன். இது ஏழாவது வருஷம். வேனில் ஏறினால் நடந்த ஆறு வருஷமும் தண்ணீரில் போட்ட உப்பு.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் தையல்காரி. வாய்வார்த்தையாகச் சொல்கிற அளவை நம்பி வெட்டினால் ரவிக்கை சேராது, டேப் வைத்துப் பார்த்தால்தான் சேரும். முப்பது வருஷம் இதைச் செய்தவளுக்கு மனிதர்களையும் டேப் வைத்துப் பார்க்கிற புத்தி வந்துவிடும். சூசை அண்ணனையே சந்தேகப்பட்டிருக்கிறேன். போன வருஷம் ஒன்பது கொடி தைத்துக் கொடுத்தேன், எட்டுதான் திரும்பி வந்தது. "காத்துல போயிடுச்சு" என்றார். நான் போட்ட இரட்டைத் தையலை எந்தக் காற்று பிய்க்கும்? பேத்திக்கு விளையாடக் கொடுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு இந்த வருஷத்துக்கு ஒன்பதாவதாகப் புதிதாக ஒன்று தைத்தேன்.

என்னோடு வந்தவள் சரசு, குழுவின் சமையல்காரி. எனக்கு நேர் எதிர். பஸ் ஏறிய அரை மணியில் முன் சீட்டுப் பெண்ணிடம் எங்கள் ஊர், தெரு, வீட்டில் எத்தனை பேர், திரும்பி வர எத்தனை நாள் ஆகும் எல்லாம் சொல்லிவிட்டாள். திருடனுக்குச் சாவி கொடுக்கிற மாதிரி. நான் கிள்ளினேன். "ஏங்க்கா கிள்றீங்க?" என்று அதையும் சத்தமாகக் கேட்டாள்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் காற்று முந்தானையைப் பறித்தது. எங்கள் பக்கம் ஆடிக்காற்று மரவள்ளிக் காட்டில் புகுந்து சத்தத்தோடு வரும். இங்கே தடுக்க ஒன்றுமில்லாமல் கரிசல் மண்ணை அள்ளிக்கொண்டு நேராக வாயில் வருகிறது. ஓட்டலில் சாம்பார் இட்லி சொன்னோம். சாம்பாரில் சின்ன வெங்காயம் முழுசு முழுசாக, எண்ணினால் பதினொன்று. எங்கள் ஊர் ஓட்டலில் மூன்று போட்டாலே முதலாளிக்குக் காய்ச்சல் வந்துவிடும். இவ்வளவு தாராளமாகப் போடுகிறார்கள் என்றால் வெங்காயம் அழுகலாகத்தான் இருக்கும் என்று ஒவ்வொன்றாகப் பிதுக்கிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. சரசு அதற்குள் ரெண்டாவது தட்டு வாங்கிவிட்டாள்.

பெரம்பலூரில் தங்கல் ஒரு கல்யாண மண்டபம். வாட்ச்மேன் பெரியவர் சாவிக்கொத்தோடு வந்தார். நான் பெண்கள் பக்கக் கக்கூஸில் போய்க் கதவைச் சாத்திப் பார்த்தேன். தாழ்ப்பாள் இருந்தது, அது நுழைய வேண்டிய ஓட்டை இல்லை.

"தாப்பாள் எதுக்கும்மா? நாங்க ஆம்பளைங்க வாசல்ல காவல் இருக்கோம்ல?" என்றார் பெரியவர்.

"அதுக்குத்தாங்க தாப்பாள்" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தச்சரைக் கூப்பிட்டு ஓட்டை போட்டு, நான் உள்ளே நின்று நாலு தடவை போட்டுத் திறந்து பார்த்த பிறகே முதல் கொடியைக் கட்டினேன்.

மறுநாள் குன்னம் போகிற பஸ் பாதி வழியில் டயர் வெடித்து நின்றது. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, "பத்து நிமிசந்தான்" என்றார். இந்தப் பத்து நிமிஷம் எனக்குத் தெரியும். சரசுவை இழுத்துக்கொண்டு நடந்தேன். உழுது போட்டு மழைக்குக் காத்திருக்கும் கரிசல் காடு ரெண்டு பக்கமும். சுண்ணாம்புக் கல் லாரிகள் ஒவ்வொன்றும் எங்களைச் சாலையிலிருந்து தள்ளிவிட்டே போயின. நாங்கள் ஒரு கல் தூரம் நடந்ததும், அதே பஸ் டயர் மாற்றிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. டிரைவர் கையை வேறு ஆட்டினார்.

முதலில் ரைஸ் மில்லுக்குப் போனோம். தாழ்வாரம், கருவேலங்காடு, எல்லாம் அப்படியே. எதிரில் டீக்கடை. எங்கள் நடைக் குழுவைச் சொல்லி, பெண்கள் தங்குகிற மாதிரி வேறு இடம் உண்டா என்று கேட்டேன்.

கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார். "ஒரு வூடு இருக்குது. மாடி முழுக்க ஹாலு. தண்ணி வசதி எல்லாம் இருக்குது. ஆனா ஒங்களுக்குச் சரிப்படாதுங்க."

"ஏன்?"

"சரிப்படாதுங்க. நீங்க கோயிலுக்குப் போறவங்க."

பெஞ்சில் இருந்த ஒருவர் பேப்பரை மடித்தபடி, "போன வருசமே ஒங்க ஆளு வந்து பாத்துட்டுத்தான் வேணாம்னு போனாரு" என்றார்.

நான் காதைத் தீட்டிக்கொண்டேன். சூசை அண்ணன் அந்தப் பக்கம் வேறு வீடே இல்லை என்றல்லவா சொன்னார்? சாராயம் விற்கிற வீடாக இருக்கும் என்று நினைத்தேன். "நாய் இருக்கும்க்கா" என்றாள் சரசு. படிக்கிற உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை என்றால் நம்புவது கஷ்டம்தான். எதை எதையோ பிதுக்கிப் பார்க்கிற நான், பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகின 'சரிப்படாது' என்ற சொல்லை மட்டும் பிதுக்கிப் பார்க்கவில்லை.

அந்த வீடு சாலையிலிருந்து ஒரு சந்துக்குள் தள்ளி இருந்தது. புது மாடி வீடு, வெளியில் சென்ட்ரிங் பலகைகள் அடுக்கிக் கிடந்தன. கதவைத் திறந்தவளுக்கு நாற்பது வயது இருக்கும், பெயர் பூங்காவனம். வீட்டுக்காரர் சென்ட்ரிங் வேலை காண்ட்ராக்ட் எடுக்கிறவர், அரியலூர்ப் பக்கம் வேலைக்குப் போயிருந்தார். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"மேல போய்ப் பாத்துக்கங்க" என்றாள்.

மாடியில் பெரிய ஹால். ரெண்டு கக்கூஸ், ரெண்டு குளியலறை. உள்பக்கம் தாழ்ப்பாள், அதற்கு மேல் இன்னொரு கொண்டி. கதவுக்கடியில் சந்து இல்லை. ஜன்னல் உயரத்தில். குழாயைத் திறந்தால் தண்ணீர் பீறிட்டது. மாடிப்படிக்குத் தனிக் கதவு, அதற்கும் உள்பூட்டு. ஒரு குறைகூடக் கிடைக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இவ்வளவு நல்ல இடத்தை சூசை அண்ணன் ஏன் வேண்டாம் என்றார்?

கீழே வந்தேன். பூங்காவனம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வெயிலில் நடந்து வந்த ரெண்டு பெண்களுக்கு ஒரு சொம்பு தண்ணீர்கூடத் தரவில்லை. எந்த ஊரிலும் நடக்காத காரியம் இது. ஏதோ தப்பான வீடுதான் என்று முடிவு கட்டினேன்.

அவளே கேட்டாள். "டீக்கடையில விசாரிச்சுட்டுத்தான வந்தீங்க?"

"ஆமா. சரிப்படாதுன்னு சொன்னாங்க."

"எதுக்குன்னு சொன்னாங்களா?"

"சொல்லல."

"நாங்க காலனி ஆளுங்க" என்றாள். "எங்க மாமனாரு இந்தக் காட்டுலதான் கூலிக்கு நின்னாரு. இப்ப எடம் வாங்கி வூடு கட்டிட்டோம். சரிப்படாதது அதாங்க. வேற ஒண்ணும் கெடையாது."

சரசு தரையைப் பார்த்தாள். மாதாவுக்கு முன்னால் எல்லோரும் பிள்ளைகள் என்று பாடிக்கொண்டு நடக்கிற குழு எங்களுடையது.

பூங்காவனம் உள்ளே போய் பீரோவைத் திறக்கிற சத்தம் கேட்டது. காகிதத்தில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் பிரித்தாள். நீலக் கொடி. மஞ்சள் ஓரம். ஒரு மூலையில் மட்டும் ஓரம் ஆரஞ்சு நூலில் தைத்திருந்தது. போன வருஷம் ஒன்பதாவது கொடி தைக்கும்போது மஞ்சள் நூல் தீர்ந்துபோய், கடைசி நாலு விரல் அகலத்தை ஆரஞ்சு நூலில் முடித்தது நான்தான்.

"இது எப்படி ஒங்ககிட்ட?"

"போன வருசம் ஒரு பெரியவரு வந்தாரு. மேல பாத்தாரு, அருமையான எடம்னாரு. மோர் குடுத்தேன், குடிச்சாரு. கேட்டுல அவரே கொடி கட்டிட்டுத் தேதி சொல்லிட்டுப் போனாரு. போற வழியில டீக்கடையில என்ன கேட்டாரோ, அப்பறம் தகவலே இல்ல. எங்களுக்கு என்ன தெரியும்? கொடி கட்டுனா வருவாங்கன்னு இருந்தோம்."

அவள் வீட்டுக்காரர் ஒரு தடவை சாரத்திலிருந்து விழுந்து பிழைத்தவர். அவர் எழுந்து நடந்தால், நடந்து போகிற மாதா பக்தர்களுக்கு ஒரு வேளை சோறு போடுவதாக இவள் வேண்டிக்கொண்டிருக்கிறாள். சொன்ன தேதியில் நாற்பது பேருக்குச் சமைத்து இலை போட்டு வைத்துவிட்டு, சந்து முனையில் சாலையோரம் நின்றிருக்கிறார்கள்.

"சாயங்காலம் இருட்டுற நேரம் வந்தாங்க. தட்டுல மோர் டம்ளரோட ரோட்டுல நின்னேன். ஒருத்தர்கூட நிக்கல. ஒரு அக்கா டம்ளருக்குக் கைய நீட்டுனாங்க. பக்கத்துல வந்தவங்க வெடுக்குனு அந்தக் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிட்டாங்க. நாப்பது பேரு சோத்தை என்ன பண்றதுங்க? மாதா படம் போட்ட கொடி, தூக்கிப் போடவும் மனசு வல்ல."

எனக்கு அந்தச் சாயங்காலம் அப்படியே வந்து நின்றது. சாலையோரம் ஒரு குடும்பம், கையில் தட்டோடு ஒரு பெண். "நிக்காதீங்க, நடங்க, அது வேற குழுவுக்கு" என்று சூசை அண்ணன் முன்னாலிருந்து குரல் கொடுத்தார். சரசுவுக்குத் தாகம், கையை நீட்டினாள். முகம் தெரியாதவர்கள் கொடுப்பதில் என்ன கலந்திருக்கிறதோ என்று அவள் கையைப் பிடித்து இழுத்தவள் நான். எல்லோரையும் சந்தேகப்படுகிற நான், அன்றைக்குச் சூசை அண்ணன் சொன்னதை மட்டும் அப்படியே நம்பினேன். அவர் என் சொந்தக்காரர், எங்கள் ஆள். நம்புவதற்கு அதுவே போதுமாக இருந்தது.

"கையப் புடிச்சு இழுத்தது நான்தான். மோர்ல என்ன கலந்திருக்கோன்னு பயந்துட்டேன்" என்றேன். அவமானம் என்றால் அதுதான் அவமானம்.

பூங்காவனம் திட்டியிருந்தால் தேவலை. "அப்படியா" என்று மட்டும் சொன்னாள்.

பையிலிருந்து புதுக்கொடியை எடுத்தேன். அவள் தடுத்தாள்.

"கட்டாதீங்க. போன வருசமும் கட்டுனதுதான. நீங்க வந்து வாசல்ல நில்லுங்க. நின்ன பொறவு ஒலை வக்கிறேன். அதுவரைக்கும் அடுப்பு பத்த வக்க மாட்டேன்."

"வந்த பொறவு நாப்பது பேருக்கு ஒலை வச்சா எப்ப சாப்புடுறது?" என்று சமையல்காரி சரசு வாய்விட்டுக் கேட்டாள்.

"பசியோட காத்திருங்க. நாங்க இருந்தோம்ல?" என்றாள் பூங்காவனம்.

அவள் என்னைச் சந்தேகப்பட்டாள். அதில் நியாயம் இருந்தது. தண்ணீர் கேட்க எனக்கு வாய் வரவில்லை. தாகத்தோடே பஸ் ஏறினோம்.

மூன்றாம் நாள் அரியலூர். மரம், பஸ், டீக்கடைக் கண்ணாடி எல்லாவற்றின் மேலும் சிமெண்ட் லாரிகள் விட்டுப்போன வெள்ளைப் பொடி. அங்கே தங்கல் இடத்தில் எல்லாம் சரியாக இருந்தது. கொடியைக் கட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டில் நின்றபடி சூசை அண்ணனுக்கு போன் போட்டேன். ஒன்பதாவது கொடியைப் பார்த்துவிட்டேன் என்றேன்.

"எனக்கு ஒண்ணும் இல்ல ஸ்டெல்லா. நம்ம ஆளுங்க ஒத்துக்க மாட்டாங்க. ஊருக்குள்ள பேச்சாயிடும்."

"இருபத்துமூணு பேரு மில்லு சொவத்துல சாஞ்சு விடிய விடிய உக்காந்தப்ப பேச்சாகலையாண்ணே?"

"வேன் சொல்லிட்டேன். பொம்பளைங்க அரியலூர் போயிடுங்க. நேர்த்திக்கடன மாதா மன்னிச்சுக்குவா."

"நான் வேன்ல ஏறல. எனக்கு அந்த வூடுதான்" என்று வைத்துவிட்டேன். என் இரண்டு பெண்களுக்கும் கல்யாணம் செய்துவைத்து, என் வீட்டுக்காரர் சாவில் முன் நின்ற மனிதர் அவர். திரும்பும் பஸ்ஸில் சரசு ஒரு வார்த்தை பேசவில்லை. முன் சீட்டுக்காரியிடம்கூட.

ஊருக்கு வந்து இருபத்துமூன்று வீட்டுக்கும் போனேன். தாழ்ப்பாளைப் பற்றிச் சொன்னேன், கொடியைப் பற்றியும் சொன்னேன். சிலர் தலையாட்டினார்கள், சிலர் அடுப்பில் வேலை இருக்கிறது என்றார்கள். யார் வருவார்கள் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. தலையாட்டியவர்களையும் நான் நம்பவில்லை.

நடை தொடங்கிய நாலாம் நாள் காலை, பெரம்பலூர் மண்டபத்து வாசலில் வேன் வந்து நின்றது. சூசை அண்ணன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பின்னால் வேன் கதவு ரெண்டு தடவை சாத்துகிற சத்தம் கேட்டது. பகலெல்லாம் லாரிப் புழுதியில் நடந்தோம். பின்னால் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் அந்தச் சந்து வந்தது. "நேரா நடங்க, மில்லுக்கு" என்றார் சூசை அண்ணன். நான் சந்துக்குள் திரும்பினேன். சரசு திரும்பினாள். வாசலில் போய் நின்ற பிறகுதான் பின்னால் பார்த்தேன். பெண்கள் பதினேழு பேர். ஆறு பேர் வேனில் போயிருந்தார்கள். ஆம்பிளைகளில் ஐந்து பேர் வந்து, செருப்பைக் கழற்றலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார்கள். மற்றவர்கள் சூசை அண்ணனோடு மில்லுக்குப் போய்விட்டார்கள்.

கேட்டுக்கு உள்ளே பூங்காவனம், போன முறை போலவே கையைக் கட்டிக்கொண்டு. பக்கத்தில் அவள் வீட்டுக்காரர். முற்றத்தில் பெரிய அண்டா கவிழ்த்துக் கிடந்தது, அடுப்பில் சாம்பல்கூட இல்லை. அவள் எங்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தாள். நாற்பது பேருக்குச் சோறு போடக் காத்திருந்தவள் அவள். நாங்கள் இருபத்திரண்டு பேர்.

"இவ்ளோதாங்க" என்றேன்.

அவள் உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். காகிதப் பொட்டலத்தோடு திரும்பி வந்தாள். ஆரஞ்சு நூல் மூலை வைத்த கொடியை அவளே கேட்டில் கட்டினாள், ரெண்டு முடிச்சு. பிறகு வீட்டுக்காரரைப் பார்த்து, "அடுப்பப் பத்த வைங்க" என்றாள். சரசு அதற்குள் முந்தானையைச் செருகிக்கொண்டு அண்டாவை நிமிர்த்திவிட்டாள்.

உலை கொதிக்கக் காத்திருந்தோம். பசி காதை அடைத்தது. பூங்காவனம் தட்டில் மோர் கொண்டுவந்தாள். முதல் டம்ளரை என்னிடம்தான் நீட்டினாள்.

"மோந்து பாத்துட்டுக் குடிங்க" என்றாள். சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

மோந்து பார்க்காமல் குடித்தேன். உப்பு கொஞ்சம் தூக்கல்தான். சொல்லவில்லை, இன்னொரு டம்ளர் கேட்டேன்.